கண்டவரும் கணித்தவரும்



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடித்து வீடு திரும்பிய சற்று நேரத்தில் அண்டை வீட்டு நண்பர் வந்து அமர்ந்தார். முகத்தில் தெளிவில்லை. தேநீர் வந்தது, அதுவும் ஆறிற்று. பின்னர்தான் வாய் திறந்தார்.

"காக்கா, மகளைப் பற்றி ஒரு யோசனை கேட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார்.

அவருக்கு மக்கள் இருவர். மூத்தவன் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். பள்ளிப் பருவம் முழுவதும் கணக்கிலும் இயற்பியலிலும் முதல் வரிசையில் நின்றவன். இளையவள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். அவ்வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும், மின்விசிறி முனகினாலும், தண்ணீர் மோட்டார் அடம்பிடித்தாலும் திருப்புளியை எடுப்பவள் அவள்தான். எங்கே கோளாறு என்பது கைவைக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கணக்கில் அவள் பெற்ற மதிப்பெண் நாற்பத்தொன்று.

"கணக்கு வராத பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேறு பிரிவில் சேர்த்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார் நண்பர்.

"மகனைப் பற்றி உமக்குக் கவலை இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "அவனுக்கென்ன காக்கா! சூத்திரங்களையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்!"

மறுநாள் பிள்ளைகள் இருவரையும் வரச் சொன்னேன். மேசையில் ஒரு சட்டக் காந்தத்தை வைத்து, அதன்மீது வெள்ளைத் தாளை விரித்தேன். கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்துச் சேர்த்த கரும்பொடியைத் தாளின்மேல் தூவி, விரலால் மெல்லத் தட்டினேன். பொடி சிலிர்த்து எழுந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாய் அணிவகுத்தது.

"என்ன தெரிகிறது?" என்றேன்.

அண்ணன் பேனாவை எடுத்துக் காந்தப் புலத்தின் சமன்பாட்டைத் தாளின் ஓரத்தில் எழுதினான். பிழையில்லை. "இந்தச் சமன்பாடு இந்தப் பொடியில் எங்கே இருக்கிறது, காட்டு" என்றேன். அவன் விழித்தான்.

தங்கை தாளருகே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "மாமா, ஒவ்வொரு கோடும் இழுத்துக் கட்டிய ரப்பர்போல இரண்டு முனைகளையும் பிடித்து இழுக்கிறது. ஆனால் பக்கத்திலிருக்கும் கோட்டை 'நெருங்காதே' என்று தள்ளுகிறது, அதனால்தான் நடுவில் இப்படிப் புடைத்து வளைகிறது" என்றாள். "சரி, எவ்வளவு வலுவாக இழுக்கிறது?" என்றேன். இப்போது அவள் விழித்தாள்.

ஒருவன் கணித்தான், காணவில்லை. ஒருத்தி கண்டாள், கணிக்கவில்லை. இவ்விருவருள் விஞ்ஞானத்துக்கு உரியவர் யார்? இக்கேள்விக்கு விஞ்ஞான வரலாறு என்ன விடை தருகிறது என்பதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வடிவியல் சொல்லாத விடை

நாம் பொருள்களை எவ்வாறு காண்கிறோம்? கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகின்றன என்று கிரேக்கக் கணித மேதை யூக்ளிடும், அவருக்குப் பின் வந்த தாலமியும் கருதினர். அக்கதிர்களை நேர்கோடுகளாகக் கொண்டு அவர்கள் போட்ட கணக்குகள் மிகச் சரியாக இருந்தன. தொலைவிலுள்ள பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது, ஆடியில் உருவம் எங்கே தோன்றுகிறது என்பவற்றையெல்லாம் அந்த வடிவியல் விளக்கிற்று.

ஆனால் கதிர் கண்ணிலிருந்து பொருளுக்குச் செல்கிறதா, பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறதா என்று அந்த வடிவியலைக் கேட்டால் அது வாய் திறவாது. கோடு ஒன்றுதான், அம்புக்குறியை எத்திசையில் போட்டாலும் கோணம் மாறாது, விடையும் மாறாது. கணிதம் மட்டும் தீர்க்க முடியாத வழக்கு இது.

தீர்ப்பளித்தவர் இப்னுல் ஹைதம். ஏறத்தாழ 965-ஆம் ஆண்டில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040-ஐ ஒட்டி மறைந்த அப்பேரறிஞர், 'கிதாபுல் மனாழிர்' என்னும் தம் ஒளியியல் நூலில் எளியதோர் அனுபவத்தைச் சுட்டினார். கதிரவனை நேராகப் பார்த்தால் கண் வலிக்கிறது. பேரொளியைச் சிறிது நேரம் நோக்கிவிட்டுப் பார்வையைத் திருப்பினாலும் அதன் தடம் கண்ணில் நிற்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து கண்ணைத் தாக்குகிறது என்பது தெளிவல்லவா? ஒளியே பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்றார்.

அத்தோடு அவர் நின்றிருந்தால் அது நல்லதொரு கருத்தாக மட்டுமே இருந்திருக்கும். உடனே ஓர் இடர் எழுந்தது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுமாயின், கண்ணில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடாதா? இங்கே அவர் யூக்ளிடின் வடிவியலையே துணைக்கு அழைத்தார். கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் மட்டுமே வளையாமல் வலுவோடு நுழையும். சாய்ந்து விழுபவை விலகி வலுவிழக்கும். ஆகவே ஒரு புள்ளிக்கு ஒரு கதிர் என்னும் ஒழுங்கு கண்ணில் அமைகிறது என்று வாதிட்டார். இவ்விளக்கம் முழுமையானதன்று, ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் அனைத்தும் விழித்திரையில் ஒரு புள்ளியில் குவிகின்றன என்று கெப்ளர் 1604-இல் திருத்தினார். ஆயினும் பொருளின் இயல்பை உணர்ந்து கருத்தைப் பெறுவதும், அக்கருத்தைக் கணிதத்தின் உலையில் இட்டுச் சோதிப்பதுமாகிய பாதை அங்கே தெளிவாக வகுக்கப்பட்டுவிட்டது.

புத்தகம் கட்டியவர்

இனி லண்டன் நகருக்கு வருவோம். மைக்கேல் ஃபாரடே 1791-இல் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கவும் எளிய கூட்டல் கழித்தலுக்கும் மேல் செல்லவில்லை. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவு வளர்த்தார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் பணி கிடைத்தது.

மின்சாரமும் காந்தமும் பற்றி அக்காலத்தில் பிரான்சு நாட்டு ஆம்பியர் உயர்ந்த கணிதக் கோட்பாடு ஒன்றை வகுத்துக்கொண்டிருந்தார். ஃபாரடேயால் அதைப் பின்தொடர இயலவில்லை. கணித அறிவு தமக்கு வாய்க்காமற்போனதை 1822-இல் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு வேறொரு செல்வம் வாய்த்திருந்தது. காந்தத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் அவருக்கு வெற்றிடமாகத் தெரியவில்லை. அது விசைக் கோடுகளால் நிறைந்திருப்பதாக உணர்ந்தார். ஒவ்வொரு கோடும் நீளவாக்கில் இழுக்கிறது, பக்கவாட்டில் தள்ளுகிறது என்றார். என் மேசையருகே குனிந்து நின்ற அந்தச் சிறுமி சொன்னதும் இதுவேயல்லவா?

1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒரு சுருளில் மின்னோட்டம் செலுத்தினார். மறு சுருளோடு இணைத்த காந்த ஊசி துடித்தது. ஆனால் மின்னோட்டத்தைத் தொடங்கும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும் மட்டுமே துடித்தது. ஒரே சீராக ஓடும்போது அசையவில்லை. மாறுகின்ற காந்தமே மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது! இன்று நம் ஊர்களுக்கு மின்சாரம் தரும் அனல், புனல் நிலையங்களின் மின்னாக்கிகள் அனைத்தும் அந்த ஒரு துடிப்பின் வழிவந்தவையே.

1846-இல் அவர் இன்னும் துணிந்து ஓர் ஊகத்தை வெளியிட்டார். ஒளி என்பது இவ்விசைக் கோடுகளின் அதிர்வாக இருக்கலாமோ என்பதே அது. எவ்வளவு பெரிய உண்மையின் வாசலில் அவர் நின்றிருந்தார்! ஆனால் அக்கதவைத் திறக்கும் சாவி அவரிடம் இல்லை. கோடுகள் என்ன வேகத்தில் அதிரும்? அவரால் சொல்ல இயலவில்லை. கணிதம் கற்ற அறிஞர் பலர் விசைக் கோடுகளைப் படம் பார்க்கும் வேடிக்கையாகவே கருதினர்.

படத்தைச் சமன்பாடாக்கியவர்

ஃபாரடேயின் காந்த ஊசி துடித்த அதே 1831-ஆம் ஆண்டில், எடின்பரோவில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பிறந்தார். பதினான்கு வயதிலேயே வளைகோடுகளைப் பற்றிக் கணிதக் கட்டுரை எழுதியவர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர். அத்தகையவர் மின்சாரத்தைப் பற்றி ஆராயப் புகுந்தபோது செய்த முதற்காரியம் நம் சிந்தனைக்குரியது. ஃபாரடேயின் ஆய்வு நூலை முழுவதும் படித்து முடிக்கும்வரை இத்துறையில் கணித நூல் எதையும் தொடுவதில்லை என்று உறுதிகொண்டார். ஃபாரடே குறியீடுகளைக் கையாளவில்லையே தவிர, அவர் எண்ணிய முறையே கணித முறைதான் என்பதைக் கண்டுகொண்டதாகப் பின்னாளில், 1873-இல் வெளிவந்த தம் பெருநூலின் முன்னுரையில் குறித்தார்.

விசைக் கோடுகளைப் பற்றிய தம் முதற்கட்டுரையை மேக்ஸ்வெல் ஃபாரடேக்கு அனுப்பினார். 1857-இல் ஃபாரடே எழுதிய பதில்கள் உள்ளத்தைத் தொடுபவை. இவ்வளவு கணித வலிமை தம் பொருளின்மீது பாய்வதைக் கண்டு முதலில் அஞ்சியதாகவும், அப்பொருள் அதைத் தாங்கி நின்றதைக் கண்டு வியந்ததாகவும் எழுதினார். கணிதர்கள் தாம் கண்ட முடிவுகளை எங்களைப் போன்றோர்க்கும் புரியும் சொற்களில் பெயர்த்துத் தரலாகாதா என்றும் வேண்டினார். உலகப் புகழ் பெற்ற அறுபத்தாறு வயது முதியவர், இருபத்தாறு வயது இளைஞரிடம் கேட்ட வேண்டுகோள் இது.

1861-இல் மேக்ஸ்வெல் ஃபாரடேயின் புலத்துக்கு ஒரு மாதிரியை மனத்தில் அமைத்தார். வெளியெங்கும் நுண்ணிய சுழல்கள். அவற்றின் இடையிடையே உருளும் சிறு மணிகள். இந்த மாதிரிக்கு நெகிழும் தன்மையைக் கொடுத்தபோது, எதிர்பாராத விளைவு ஒன்று கணக்கில் எழுந்தது. மாறும் காந்தம் மின்சாரத்தைப் பிறப்பிப்பதைப்போல, மாறும் மின்விசையும் காந்தத்தைப் பிறப்பிக்க வேண்டும். அப்படியானால் ஒன்று மற்றதைப் பிறப்பிக்க, மற்றது இதனைப் பிறப்பிக்க, அலை ஒன்று வெளியில் ஓடத் தொடங்கும். அதன் வேகம் என்ன? ஜெர்மனியில் வேபரும் கோல்ராஷும் 1856-இல் ஆய்வுக்கூடத்தில் எடுத்த மின் அளவீடு ஒன்றைத் தம் கணக்கில் இட்டார். நொடிக்கு ஏறத்தாழ 3,10,000 கிலோமீட்டர் என்று விடை வந்தது. பிரான்சில் ஃபீஸோ 1849-இல் அளந்திருந்த ஒளியின் வேகமோ ஏறத்தாழ 3,15,000 கிலோமீட்டர்!

மின் அளவீட்டில் கிடைத்த எண்ணிலிருந்து ஒளியின் வேகம் வெளிப்பட்டது. ஒளி ஒரு மின்காந்த அலை என்பது தெளிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மேக்ஸ்வெல் எழுபது வயது ஃபாரடேக்கு இச்செய்தியைக் கடிதத்தில் எழுதினார். 1864-இல் சுழல்களையும் மணிகளையும் நீக்கிவிட்டுச் சமன்பாடுகளை மட்டும் நிறுத்திக் காட்டினார். வீடு எழும்பியபின் சாரத்தைப் பிரித்துவிடுவதில்லையா, அதுபோல. 1887-88 ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெர்ட்ஸ் அந்த அலைகளை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார். அப்போது ஃபாரடேயும் இல்லை. நாற்பத்தெட்டாம் வயதில், 1879-இல் மறைந்த மேக்ஸ்வெல்லும் இல்லை. வானொலி முதல் நம் கையிலுள்ள கைப்பேசி வரை அந்த அலைகளின் மீதே இயங்குகின்றன.

இங்கே ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். மின்சாரம் கம்பியில் ஒளிக்கு நிகரான வேகத்தில் செல்லக்கூடும் என்பதை கிர்ஹாஃப் 1857-இலேயே கணக்கிட்டுக் கவனித்திருந்தார். கணிதத்தில் அவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால் வெளியெங்கும் நிறைந்த புலம் என்னும் காட்சி அவர் உள்ளத்தில் இல்லை. ஆதலால் எண் கைக்கு வந்தும், ஒளியே மின்காந்த அலை என்னும் உண்மை கைக்கு வரவில்லை. ஃபாரடேயிடம் காட்சி இருந்தது, எண் இல்லை. கிர்ஹாஃபிடம் எண் இருந்தது, காட்சி இல்லை. இரண்டும் ஓர் உள்ளத்தில் கூடியபோதே உண்மை பிறந்தது.

இரண்டும் இடறும்

காட்சியும் கணக்கும் ஒன்றுக்கொன்று துணை மட்டுமல்ல. ஒன்றையொன்று கண்டித்துத் திருத்தும் காவலர்களுமாகும். ஏனெனில் தனித்து நடந்தால் இரண்டுமே இடறிவிழும்.

கணிதத்தின் அழகில் மயங்கியவர்க்குச் சான்று இளமைக்கால கெப்ளர். அன்று அறியப்பட்ட கோள்கள் ஆறு. அவற்றுக்கு இடையே ஐந்து இடைவெளிகள். வடிவியலில் சீரான திண்ம வடிவங்களும் ஐந்தே. இரண்டையும் பொருத்தி 1596-இல் ஒரு நூலே எழுதினார். அழகான கருத்து, ஆனால் உண்மையன்று. பின்னர் செவ்வாயின் பாதையை வட்டங்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, டைக்கோ பிராகேயின் நோக்குகளோடு எட்டுக் கலை அளவு வேறுபாடு வந்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை. அந்தச் சிறு வேறுபாட்டை அலட்சியம் செய்யாமல் வட்டத்தையே அவர் கைவிட்டார். கோள்களின் பாதை நீள்வட்டம் என்னும் உண்மை 1609-இல் வெளிவந்தது.

உள்ளுணர்வு இடறியதற்குச் சான்று ஐன்ஸ்டைன். கூரையிலிருந்து விழுபவன் விழும்போது தன் எடையை உணரமாட்டான் என்னும் எண்ணம் 1907-இல் அவருக்குத் தோன்றிற்று. பொதுச் சார்பியல் கோட்பாட்டின் விதை அதுவே. அதை முளைக்கவைக்கத் தேவையான கணிதம் அவரிடம் இல்லை. 1912-இல் சூரிச் நகருக்குத் திரும்பித் தம் பழைய வகுப்புத் தோழரான மார்செல் கிராஸ்மனை நாடினார். வளைந்த வெளிகளுக்கு ரீமன் 1854-இல் வகுத்த வடிவியலைக் கிராஸ்மன் எடுத்துக்காட்டினார். அப்போதே சரியான சமன்பாடுகளை மிக நெருங்கியும், அவை நியூட்டனின் விதியோடு பொருந்தா என்று தவறாக எண்ணி ஐன்ஸ்டைன் கைவிட்டார். கணிதம் காட்டிய வழிக்கே 1915 நவம்பரில் திரும்பிவந்தார். அப்போது, புதன் கோளின் பாதையில் நூறாண்டுக்கு 43 விகலை அளவில் நெடுங்காலமாக விளங்காதிருந்த நகர்வு, தானே கணக்கில் வந்து அமர்ந்தது. முன்பு கணிதத்தைப் பெரிதாக மதியாதிருந்த அவர், அதன்மீது தமக்குப் பெருமதிப்பு உண்டானதை 1912-இலேயே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்.

மீண்டும் அந்தத் தாளுக்கு

இவற்றையெல்லாம் நண்பரிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்கிறீர்கள்!" என்றார்.

"அப்படிச் சொல்லவில்லை" என்றேன். ஃபாரடேயைக் காட்டிக் கணக்கைத் தள்ளிவைப்பது, அவருடைய வருத்தத்தையே மறப்பதாகும். கணிதம் இல்லாமையால் அவர் வாசலில் நின்றுவிட்டார். உம் மகள் வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு அவளுக்கு 'வராது' என்று முடிவு கட்டியது யார்? அவள் காணும் பொருளோடு இணைத்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் உண்டா? மகனைப் பற்றியும் கவலைப்படுங்கள். சமன்பாட்டை ஒப்பிக்கிறவன், அது எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்பதை அறியாவிட்டால், புதிய கேள்வி ஒன்று வரும் நாளில் திகைத்து நிற்பான் என்றேன்.

வாசகப் பெற்றோர்களே, நம் இல்லங்களில் இவ்விரு வகைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு வகையை மதிப்பெண் பட்டியலைக் காட்டி ஒதுக்கிவிடுகிறோம். மற்றொரு வகையை அதே பட்டியலைக் காட்டி உறங்கவைத்து விடுகிறோம். ஆசிரியப் பெருமக்களும் வடிவியலைக் கரும்பலகையோடு முடித்துவிடாமல், நிழலை அளக்கவும் நீரை நிறுக்கவும் பிள்ளைகளைச் சற்று வெளியே அழைத்துச் செல்லலாகாதா?

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மேசையருகே பிள்ளைகள் இருவரும் இன்னும் அந்தத் தாளை விட்டு நகரவில்லை. தங்கை விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்துகொண்டே, "காக்கா, முனைக்குப் பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருக்கின்றன, தள்ளிப் போனால் விலகிவிடுகின்றன. எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு விலகும்?" என்று அண்ணனைக் கேட்டாள். அவன் தான் எழுதிய சமன்பாட்டைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். "இதோ, தூரம் இந்த எழுத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, முதன்முறையாக அளவுகோலைக் கையில் எடுத்தான்.

'எவ்வளவு' என்று அவள் கேட்டுவிட்டாள். கணிதம் அங்கேதான் தொடங்குகிறது.

நண்பர் மகளைக் கணிதமும் அறிவியலும் சேர்ந்த பிரிவிலேயே சேர்த்திருக்கிறார். நாள்தோறும் இரவில் ஒரு மணி நேரம் அண்ணன் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். வார இறுதியில் அவள் பழுதுபார்க்கும்போது அவன் அருகிருந்து கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் வெல்வாளா என்பதை இன்று நான் சொல்ல இயலாது. கணக்கில் அவள் கடக்க வேண்டிய தூரம் மிகுதி. ஆனால் அவளுக்குரிய வாசல் மூடப்படவில்லை. அதுவே இப்போதைக்குப் போதும்.